ஆளுக்கு அரை மாத்திரை

ஒருவரை இன்னொருவராக எண்ணிவிடாமல் இருப்பதில்தான் மனித நாகரிகம் தொடங்குகிறது.

இந்த மகாவாக்கியம் எங்கள் சோங்ஜு நகரத்தில் 'பொற்றொட்டில் அரண்மனை' என்னும் பிரசவப் பராமரிப்பு இல்லத்தின் வாசலில், கறுப்புக் கல்லில் தங்க எழுத்தால் வெட்டப்பட்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே காலணி கழற்றும் இடம். அங்கே ஒரு சின்னப் பலகை: 'காலணிகள் மாறிப்போனால் நிர்வாகம் பொறுப்பல்ல.'

பிள்ளை பெற்றவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் இப்படி ஓர் இல்லத்தில் போய் இரண்டு வாரம் படுத்துக்கொள்வதுதான் இப்போது எங்கள் பக்கத்து மரியாதை. படுக்காதவளைப் பார்த்து ஊர் 'ஐயோ பாவம்' என்னும். பொற்றொட்டிலில் தாய்மாருக்குப் பட்டம் 'மகாராணி'. குழந்தைகள் 'இளவரசர்'. தகப்பன்மாருக்கு மட்டும் பட்டம் ஏதுமில்லை. அவர்கள் 'பாதுகாவலர்'. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் அவர்கள் செய்யவேண்டிய பாதுகாவல்.

பியோன் மான்-ஹோ அப்படிப்பட்ட பாதுகாவலன். என்னோடு ஒரே பணிமனையில் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். சிக்னல் பழுதாகி நாள் முழுக்கச் சிவப்பாகவே எரிந்தாலும், 'ஏதாவது காரணம் இருக்கும்ல' என்று வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கக்கூடிய மனிதன். அவன் மனைவி குவாக் செ-ரின் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவள். காயை விட்டுவிட்டுக் கறியை மட்டும் தின்னும் பிள்ளைகளைப் பார்வையாலேயே காய் தின்ன வைக்கிறவள்.

இவர்களுக்கு இரட்டை. முதல் ஸ்கேனில் ஒன்றுதான் தெரிந்தது. உருளைக்கிழங்கு போலிருந்ததால் வயிற்றுப் பிள்ளைக்கு 'உருளை' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அடுத்த ஸ்கேனில் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று எட்டிப் பார்த்தது. அது 'பூசணி'. உருளை முதலில் வெளியே வந்தான், அதனால் அண்ணன். பூசணி சற்றுத் தாமதம், தம்பி. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்தவர்கள். மூக்கு, மோவாய், நெற்றியில் முடி சுழிக்கும் இடம், எல்லாம் ஒரே அச்சு.

ஒரே ஒரு வித்தியாசம், அதுவும் கண்ணுக்குத் தெரியாதது. குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் தெரிந்தது. பூசணிக்குத் தைராய்டு சுரப்பி வேலை செய்யவில்லை.

"பயப்படாதீங்க" என்றாள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. இளம்பெண், தூக்கம் இல்லாத கண். "தினம் ஒரு சின்ன மாத்திரை. நசுக்கிப் பால்ல குடுங்க. ஒழுங்கா குடுத்தா மத்த பிள்ளைங்க மாதிரியே வளருவான். விட்டுட்டா தூங்கி வழிவான், பால் குடிக்க மாட்டான், மூளை வளராது. அவ்வளவுதான். அப்புறம் இன்னொண்ணு, அண்ணங்காரனுக்கு மறந்தும் குடுத்துடாதீங்க. நல்லா இருக்கிற பிள்ளைக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்."

மாத்திரையை அரண்மனையின் தலைமை நர்ஸ் யாங் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "இளவரசர் பூசணியோட மருந்து எங்க உயிருக்குச் சமம்" என்றாள். மான்-ஹோவுக்குக் கண் கலங்கிவிட்டது. செ-ரினுக்குக் கலங்கவில்லை. "உங்க உயிரு வேணாம். மாத்திரை போதும்" என்றாள்.

அரண்மனையில் குழந்தைகள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், தாய்மார் இந்தப் பக்கம். மகாராணிகளுக்கு நேரமே கிடையாது. காலையில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமான கடற்பாசி சூப், பிறகு முகத்துக்குப் பூச்சு, பிறகு கடற்பாசி சூப், பிறகு 'நவீன உலகில் தாய்ப்பாசம்' என்ற சொற்பொழிவு, பிறகு கடற்பாசி சூப். தாய்ப்பாசச் சொற்பொழிவின் நடுவில் செ-ரின் எழுந்து, "நான் போய் என் பிள்ளைங்களப் பாத்துட்டு வரேன்" என்றாள்.

"மகாராணி, உக்காருங்க" என்றாள் யாங். "பாச நேரம் நாலு மணிக்குத்தான்."

பாச நேரம் என்று ஒன்று உண்டு. அப்போது குழந்தைகளைத் தொட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்து தாயின் அறையில் விடுவார்கள். நேரம் முடிந்ததும் மணி அடிக்கும். பாசம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் தொட்டில் போய்விடும்.

இந்த ஒழுங்கெல்லாம் ஒரு தேனீயால் கெட்டது.

இல்லத்தோடு ஒப்பந்தம் போட்ட படப்பிடிப்புக் கடைக்காரர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து பிறந்த குழந்தைகளைப் படம் எடுப்பார். அந்த வாரம் எல்லாக் குழந்தையும் தேனீ. மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட உறை, தலையில் இரண்டு கொம்பு. உருளையையும் பூசணியையும் ஒரே துணித் தாமரைப் பூவில் கிடத்தினார். பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். இருவர் கணுக்காலிலும் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பட்டை.

"தேனீக்கு ஏதுங்க பட்டை?" என்றார். கழற்றித் தட்டில் போட்டார்.

படம் முடிந்து குழந்தைகள் கண்ணாடிக்குள் திரும்பினார்கள். தலைமை நர்ஸ் யாங் தட்டிலிருந்து இரண்டு பட்டையையும் எடுத்தாள். ஒரு குழந்தையைப் பார்த்தாள். இன்னொரு குழந்தையைப் பார்த்தாள். "ம்ம்..." என்றாள். பிறகு இதற்கு இது, அதற்கு அது என்று மாட்டிவிட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சூப் கிண்ணத்தோடு நின்றிருந்த செ-ரின் அந்த 'ம்ம்'மைப் பார்த்துவிட்டாள். கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்காது. ஆனால் ஒரு 'ம்ம்' எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"எது எதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று பிடித்துக்கொண்டாள்.

"கைப் பழக்கம், மகாராணி."

"என் பிள்ளையப் பாத்து ரெண்டு வாரம் ஆகல. அதுக்குள்ள உனக்குக் கைப்பழக்கம் வந்துருச்சா? பெத்த எனக்கே வரலியே!" அதுதான் உண்மை. அவளுக்கே தெரியவில்லை. பாச நேரத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகளை எப்படிப் பிரித்தறிவது? கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே இரண்டு தேனீக்களும் கொட்டாவி விட்டன. ஒரே மாதிரி.

இயக்குநர் மியோங் அம்மையாரிடம் விஷயம் போனது. அம்மையார் எப்போதும் பட்டுப் பாவாடை, முத்துக் கொண்டை ஊசி. மூச்சு விடுவதற்கு முன்பும் குனிந்து வணங்கிவிட்டே விடுவார். மான்-ஹோவை அறைக்கு அழைத்து உட்கார வைத்து, இஞ்சித் தேநீர் கொடுத்தார்.

"உருளை அப்பா அவர்களே, எங்க இல்லம் ஆரம்பிச்ச நாளிலேர்ந்து இங்க ஒரு குழந்தைகூட மாறினதில்லை. இது எங்க பெருமை. அதனால இதுவும் மாறியிருக்காது."

"இல்லீங்கம்மா, பட்டையக் கழட்டினாங்க..."

"கழட்டினது படம் எடுக்கறவர். அவர் எங்க ஊழியர் இல்ல. மாட்டினது நாங்க. நாங்க தப்பா மாட்ட மாட்டோம். ஏன்னா தப்பா மாட்டினா எங்க பெருமை போயிடும். போகலையே! பாருங்க, சுவத்துல சான்றிதழ் தொங்குது."

மான்-ஹோ சுவரைப் பார்த்தான். சான்றிதழ் தொங்கத்தான் செய்தது.

"ரெண்டு பேருக்கும் ஆஸ்பத்திரியில ஒருக்கா ரத்தம் எடுத்துட்டா..." என்று இழுத்தான்.

அம்மையார் கோப்பையைக் கீழே வைத்தார். "ரத்தம் எடுத்தா என்ன அர்த்தம்? சந்தேகம் இருந்துச்சுன்னு அர்த்தம். வியாழக்கிழமை அரசாங்கத்துலேர்ந்து தர மதிப்பீட்டுக்கு வராங்க. சந்தேகம் இருந்த இல்லத்துக்கு முதல் தரம் எப்படிக் குடுப்பாங்க? உங்க பிள்ளை ரெண்டாந்தர இல்லத்துல வளந்தான்னு நாளைக்கு நாலு பேர் பேசினா, அவன் மனசு என்ன பாடுபடும்? அதையும் யோசிக்கணும்ல?"

மான்-ஹோ யோசித்தான். அவன் எதையும் யோசிக்கக்கூடியவன்.

"ஆனாலும் உங்க மன ஆறுதலுக்காக, நடக்காத இந்தத் தப்பை விசாரிக்க ஒரு குழு போடறேன்" என்று வணங்கினார் அம்மையார்.

குழுவின் பெயர் 'மூத்தவர் நிர்ணயக் குழு'. மான்-ஹோ பெயரைக் கேட்டதுமே கையை உயர்த்தினான். "மூத்தவன் யாருன்னு இல்லீங்க. நோயாளி யாருன்னுதான் தெரியணும்."

"மூத்தவர் தெரிஞ்சா இளையவர் தன்னால தெரிஞ்சிடுவார். நோய் இளையவருக்குத்தானே?" என்றார் அம்மையார். "நோயாளி நிர்ணயக் குழுன்னு பேர் வச்சா மத்த மகாராணிகளுக்குப் பால் வத்திடும்."

முதல் அமர்வுக்கு முகக்குறி பார்க்கும் திருவாளர் கூ வரவழைக்கப்பட்டார். பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த முகம் லாபம், எந்த முகம் நஷ்டம் என்று சொல்கிறவர். மடக்கிய விசிறியின் நுனியால் உருளையோ பூசணியோ ஒருவனின் காது மடலை நிமிர்த்தினார்.

"அண்ணனாப் பொறந்தவனுக்குக் காதுல பொறுப்பு தெரியும்" என்றார். பார்த்தார். "தெரியுது." அடுத்தவனின் காதை நிமிர்த்தினார். வெகுநேரம் பார்த்தார். "இவனுக்கும் தெரியுது."

"அப்போ?" என்றாள் யாங்.

"ரெண்டு பேரும் அண்ணன்."

இரண்டு பேரும் அண்ணனாக இருந்தால் தம்பி யார் என்று கேட்க மான்-ஹோ வாய் திறந்தான். அதற்குள் அம்மையார், "வல்லுநர் கருத்து மதிப்போடு ஏற்றுக்கொள்ளப்படுகிறது" என்று கைதட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் மான்-ஹோவும் தட்டினான். செ-ரின் அவன் கையைப் பிடித்து மடியில் அழுத்தினாள்.

இரண்டாம் அமர்வில் அழுகை கேட்டார்கள். அண்ணன் அழுகை கனமாக இருக்கும், தம்பி அழுகை கெஞ்சலாக இருக்கும் என்பது யாங்கின் அனுபவம். கேட்கலாம் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். குழந்தைகள் இரண்டும் தூங்கின. எழுப்பிப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். இளவரசரை எழுப்புவது விதிக்கு மாறு என்று இன்னொருவர் சொன்னார். தேநீர் வந்தது. குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

மூன்றாம் அமர்வுதான் பெரிய அமர்வு. இதற்கு அம்மையாரே சோதனை வகுத்தார். நம் ஊரில் அண்ணன் என்றால் என்ன? விட்டுக்கொடுக்கிறவன். 'நீ மூத்தவன்ல, விட்டுக்குடு' என்று சொல்லாமல் எந்த வீட்டிலும் ஒரு பொம்மையும் ஒரு பலகாரமும் பங்கிடப்பட்டதில்லை. ஆகவே இரண்டு இளவரசர்களையும் பக்கம் பக்கமாகக் கிடத்தி, நடுவில் ஒரே ஒரு பால் புட்டியைக் காட்டுவது. எவன் விட்டுக்கொடுக்கிறானோ அவன் அண்ணன்.

புட்டியைக் காட்டினார்கள். ஒருவன் வாயைப் பிளந்து, காலை உதைத்து, முகம் சிவந்து கத்தினான். மற்றவன் லேசாக உதட்டை அசைத்தான். கொஞ்சம் பார்த்தான். கண்ணை மூடித் தூங்கிவிட்டான்.

அறையே நெகிழ்ந்துவிட்டது.

"பாத்தீங்களா அந்தப் பெருந்தன்மைய!" என்றார் அம்மையார், கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு. "பொறந்து முழுசா ரெண்டு வாரம் ஆகல. தம்பிக்குப் பாலை விட்டுக்குடுத்துட்டுத் தூங்கறான். இவன் அண்ணன் இல்லன்னா இந்த நாட்டுல யாருமே அண்ணன் இல்ல."

"முகத்துலயும் ஒரு சாந்தம்" என்றார் திருவாளர் கூ.

தூங்கியவனுக்கு 'உருளை' பட்டை. கத்தியவனுக்கு 'பூசணி' பட்டை. அதுவரை நேர்மாறாக இருந்தது. யாங் இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டினாள். இந்த முறை 'ம்ம்' என்றுகூடச் சொல்லவில்லை.

செ-ரின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"தூங்கி வழியுறது, பால் குடிக்காம கெடக்கிறது, இதெல்லாம் என்னன்னு டாக்டரம்மா சொன்னாங்களே, யாருக்காவது ஞாபகம் இருக்கா? அதுதான்யா அந்த நோயோட அடையாளம்! இவன் விட்டுக்குடுக்கல. இவனுக்குத் தெம்பு இல்ல!"

"மகாராணி," என்றார் அம்மையார் மென்மையாக, "நீங்க அதைச் சோர்வுன்னு பாக்கறீங்க. நாங்க பண்புன்னு பாக்கறோம். பிள்ளைய நல்ல கண்ணோட பாக்கக் கத்துக்கணும்."

"அந்த நல்ல கண்ண எடுத்துட்டுப் போய்..."

மான்-ஹோ இருமினான். செ-ரின் மீதியை விழுங்கினாள். ஆனால் கணவன் முதல் தடவையாக அனுமதி கேட்காமல் ஒரு வாக்கியம் பேசினான்: "அப்போ இன்னிக்கு மாத்திரை யாருக்குங்க போவும்?"

குழு இதை எதிர்பார்க்கவில்லை. தீர்ப்புக்கு ஏதாவது விளைவு இருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. உள்ளே கூடிப் பேசினார்கள். வெளியே வந்து அம்மையார் அறிவித்தார்:

"பாதுகாவலரோட கவலைய மதிச்சு, வியாழக்கிழமை மதிப்பீடு முடியற வரைக்கும் மாத்திரையச் சரிபாதியா உடைச்சு, ரெண்டு இளவரசருக்கும் ஆளுக்குப் பாதி குடுக்கறதுன்னு முடிவு. இதுல முழுத் தப்பு நடக்க வாய்ப்பே இல்ல. எது நடந்தாலும் அரைத் தப்புதான்."

மான்-ஹோ பின்னால் என்னிடம் சொன்னான்: "அண்ணே, இவங்கள நம்பினது போதும்னு அந்த நிமிஷம்தான் பட்டுச்சு."

எடுத்துக்கொண்டு போய்விடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். அவனுக்கும் தோன்றியது. கண்ணாடிக் கதவருகே போய், "என் பிள்ளைங்களக் குடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்" என்றான்.

"அடையாளம் உறுதியாகாத குழந்தைய வெளிய விடக் கூடாது, உருளை அப்பா" என்றாள் யாங். "பாதுகாப்பு விதி."

"உறுதி பண்ணத்தான் கொண்டு போறேன்."

"உறுதியானதும் கொண்டு போங்க."

"ரெண்டுமே என் பிள்ளைங்கதானே!"

"அதுல சந்தேகமே இல்ல. சேத்துப் பாத்தா ரெண்டும் உங்க பிள்ளைங்க. ஆனா ஒவ்வொருத்தரா யாருன்னு உங்களுக்கே தெரியலையே. எது யாருன்னே தெரியாதவருகிட்ட, யாருன்னே தெரியாத குழந்தைய நான் எப்படிக் குடுப்பேன்?"

மீறித் தூக்கிப் போகவும் வழியில்லை. பட்டைக்குள் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. அனுமதி இல்லாமல் பட்டை வாசலைத் தாண்டினால் சங்கு ஊதும், கதவு பூட்டிக்கொள்ளும். ஒரு முறை பாச நேரத்தில் ஒரு மகாராணி ஜன்னலில் பனி பார்க்கலாம் என்று பிள்ளையோடு நடைவழிக்குப் போனதற்கே மாடி முழுக்க ஊதிற்று.

காவல் நிலையத்துக்குப் போன் செய்தான். எடுத்தவர் நல்ல மனிதர்தான்.

"குழந்தை காணாமப் போச்சா?"

"இல்லீங்க."

"யாரோட குழந்தையாவது உங்க குழந்தையோட மாறிடுச்சா?"

"மாறிடுச்சுங்க. என்னோட குழந்தையோட."

"உங்க குழந்தை உங்க குழந்தையோட மாறிடுச்சு."

"ஆமாங்க."

"ஐயா," என்றார் அவர், "நீங்க வண்டி ஓட்டுறவர்தானே? கொஞ்சம் தூங்குங்க."

வியாழக்கிழமை வந்தது. மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். அரண்மனை முழுக்கப் பளபளத்தது. தரை, பாத்திரம், நர்ஸ்களின் நெற்றி எல்லாம். மூத்த மதிப்பீட்டாளர் ஒருவர், கழுத்துப் பட்டி கட்டிய ஒல்லி மனிதர், ஒவ்வொரு தொட்டிலிலும் குனிந்து குழந்தையின் கணுக்காலைப் பார்த்து, தலையாட்டிக்கொண்டே போனார். மான்-ஹோ அவர் முன் போய் நின்றான். பணிமனையில் மேலதிகாரியைப் பார்க்கும்போது தொப்பியைக் கழற்றும் பழக்கத்தில் தொப்பியையும் கழற்றினான்.

"ஐயா, என் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் பட்டை மாறிப்போச்சுங்க."

மதிப்பீட்டாளர் தொட்டிலைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் பட்டை இருக்கே."

"இருக்குங்க. தப்பா இருக்கு."

"பட்டை இருக்கா இல்லையாங்கறதுதான் என் வேலை. யாரோட பட்டைங்கறது மதிப்பீட்டுல இல்ல."

"அதைத்தான் பாக்கணும், ஐயா! ஒருத்தனுக்கு மாத்திரை போகணும். இன்னொருத்தனுக்குப் போகக் கூடாது. இவங்க உடைச்சு ரெண்டு பேருக்கும் குடுக்கறாங்க!"

மதிப்பீட்டாளர் அவனைத் தனியாக ஓரம் கட்டினார். உண்மையிலேயே உதவ விரும்பினார் என்று மான்-ஹோ இன்றும் நம்புகிறான்.

"பாருங்க தம்பி, பட்டை தப்புன்னு நான் எழுதணும்னா, எது சரின்னும் எழுதியாகணும். எது சரி, சொல்லுங்க?"

"தெரியலீங்க."

"உங்களுக்கே தெரியல. அப்போ இவங்க மாட்டினதுதான் சரியாக்கூட இருக்கலாம். சரியா இருக்கலாங்கற ஒரு விஷயத்தை நான் எப்படித் தப்புன்னு எழுதுறது? அது நியாயமா?" தோளைத் தட்டினார். "ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. நான் பாத்த இல்லங்கள்ல மாத்திரைய இவ்வளவு சமமா உடைச்ச இடம் இதுதான். நான் அளந்தே பாத்தேன். பிசிறில்ல."

முதல் தரம் கிடைத்தது. கூடத்தில் கைதட்டல். எல்லாருக்கும் அரிசிக் கேக். அந்தச் சந்தடியில் பாச நேர மணி அடித்தது. உருளையும் பூசணியும் தொட்டிலோடு செ-ரின் அறைக்கு வந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது.

மான்-ஹோ உள்ளே போனபோது செ-ரின் குளியலறையிலிருந்து இரண்டு பெரிய துண்டுகளை எடுத்து இறுகச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சமையற்கூடத்தில் கோஸ் இலையைச் சுருட்டுகிற வேகம்.

"என்ன பண்ற?"

"இங்க இருக்கிறவங்க யாரும் பிள்ளையப் பாக்கறதில்ல. பட்டையத்தான் பாக்கறாங்க. பட்டையப் பத்திரமா இங்கயே விட்டுட்டுப் போவோம்."

பட்டைகளைக் கழற்றினாள். சுருட்டிய துண்டுகளின் அடியில் மாட்டினாள். குழந்தைகளின் போர்வையைத் துண்டுகளுக்குச் சுற்றி, பின்னல் குல்லாயைச் சரித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். ஒன்று வலது தொட்டிலில், ஒன்று இடது தொட்டிலில். பிறகு கணுக்கால் வரை நீளும் பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருவனை இந்தப் பக்கம், ஒருவனை அந்தப் பக்கம் உள்ளே அணைத்துக்கொண்டாள்.

"வெளிய பனிக்காத்து" என்றான் மான்-ஹோ. "பிள்ளை பெத்த உடம்பு. எலும்புக்குள்ள குளிர் ஏறினா காலம் பூரா குடையும்னு உங்கம்மா..."

"ஏறட்டும். என் எலும்புதானே? எனக்கு எது என்னுதுன்னு தெரியும். நீ வரியா, இல்ல இங்கயே நின்னு கைதட்டப் போறியா?"

மான்-ஹோ கதவைத் திறந்தான்.

வாசலில் மதிப்பீட்டாளர்களை வழியனுப்ப அரண்மனையே வரிசையாக நின்று குனிந்திருந்தது. குனிந்தவர்கள் நிமிர்வதற்குள் இவர்கள் நடுவே நடந்தார்கள். சங்கு ஊதவில்லை. கோட்டுக்குள்ளிருந்து ஒருவன் கீச்சென்று கத்தினான். ஒல்லி மதிப்பீட்டாளர், வயிறு பெருத்த பெண்ணைக் கண்டு மரியாதையாகக் கதவைப் பிடித்துக்கொண்டு, "நல்லபடியா பிரசவம் ஆகட்டும்மா" என்று வாழ்த்தினார்.

அவர்கள் ஏறியது என் வண்டி. ஏறியதும் மான்-ஹோ, "அண்ணே, ஆஸ்பத்திரி" என்றான். செ-ரின் கோட்டைத் திறந்தாள். ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். மற்றவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தட்டினாள், கன்னத்தை வருடினாள், உள்ளங்காலைச் சுரண்டினாள். கொஞ்சம் கண் திறந்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். எத்தனையோ பெண்களை வண்டிக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. இடையில் ஏழு நிறுத்தமோ எட்டு நிறுத்தமோ, எதிலும் நிற்கவும் இல்லை. இறங்கவேண்டியவர்கள் யாரும் மணி அடிக்கவில்லை. நிறுத்தமே இல்லாத ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கூடவே நானும் உள்ளே போனேன். பேருந்து ஓர் அரைமணி நேரம் அங்கேயே நின்றது. அதற்கு எனக்குக் கிடைத்த எச்சரிக்கைக் கடிதம் தனிக் கதை.

அதே டாக்டரம்மா. மான்-ஹோ மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னான். குழு, விசிறி, காது, புட்டி, பெருந்தன்மை. அவள் பாதி கேட்டாள்.

"எது யாருன்னு தெரியல. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க."

"ரெண்டு குதிகால் இருக்கு. ரெண்டு ஊசி இருக்கு" என்றாள். "உக்காருங்க."

குத்தினாள். கத்தியவன் இன்னும் கத்தினான். தூங்கியவன் முனகினான். காத்திருந்தோம். செ-ரின் நின்றுகொண்டே காத்திருந்தாள். உட்காரச் சொன்னால் முறைத்தாள். முடிவு வந்தது. நோய், விட்டுக்கொடுத்துத் தூங்கியவனுக்கு. அவன்தான் பூசணி. யாங் முதலில் 'ம்ம்' என்று சொல்லிக் குருட்டாம்போக்கில் மாட்டிய பட்டைகள் சரியாகவே இருந்திருக்கின்றன. மூன்று அமர்வு கூடி ஆராய்ந்த குழுதான் அதை மாற்றியது.

டாக்டரம்மா ஒரு முழு மாத்திரையை நசுக்கிப் பாலில் கலந்தாள். பூசணி குடிக்கவில்லை. உதட்டோரம் வழிந்தது. செ-ரின் அவனை நெஞ்சோடு நிமிர்த்தி, சின்னக் கரண்டியால், ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு என்று ஊட்டினாள். "விட்டுக்குடுக்காதடா. யாருக்கும் விட்டுக்குடுக்காத. குடி." கடைசிச் சொட்டு உள்ளே போனதும்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாலஞ்சு நாள் வீணாப் போயிருக்கு" என்றாள் டாக்டரம்மா. "இன்னும் ஒரு வாரம் போயிருந்தா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன். இப்போ பரவாயில்ல, புடிச்சுரலாம். பெரியவனுக்கும் நெஞ்சுத் துடிப்பு சரியாயிடும்." பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, பூசணியின் உள்ளங்காலில் 'மாத்திரை' என்று எழுதினாள். "அழிஞ்சா மறுபடி எழுதிக்குங்க."

அப்போதுதான் மான்-ஹோவின் கைபேசி மணி அடித்தது. அரண்மனையிலிருந்து செய்தி. நாங்கள் மூவரும் தலையை ஒட்டிக்கொண்டு படித்தோம்.

'மதிப்புக்குரிய பாதுகாவலருக்கு வணக்கம். முதல் தரச் சிறப்பு பெற்ற இந்நன்னாளில் மூத்தவர் நிர்ணயக் குழு தன் நான்காம் மற்றும் இறுதி அமர்வை நடத்தியது. இளவரசர்கள் இருவரையும் அருகிலிருந்து நெடுநேரம் உற்றுநோக்கியதில், வலது தொட்டிலில் இருப்பவரே மூத்தவர் என்பது ஐயத்துக்கு இடமின்றி ஒருமனதாக முடிவாகியுள்ளது. அழாமல், அசையாமல் இறுதிவரை ஒத்துழைத்த இரு இளவரசர்களின் பெருந்தன்மையையும் குழு பாராட்டுகிறது.'

கூடவே ஒரு படம். அம்மையார் கைகூப்பி நிற்கிறார். யாங் குனிந்து புன்னகைக்கிறாள். திருவாளர் கூ, விசிறி நுனியால் குல்லாயை விலக்கி, மூத்தவரின் காதைச் சுட்டிக்காட்டுகிறார்.

வலது தொட்டிலில் இருந்தது குளியலறைத் துண்டு.